பெயர் யாருக்குச் சொந்தம்?

முந்திப் பிறந்த காதைவிடப் பிந்திப் பிறந்த கொம்பு வலிது என்று ஒரு பழமொழி உண்டு. இணையத்தில் டொமைன் பெயர்களுக்காக நடந்த வழக்குகளைப் படித்தால் இது அடிக்கடி ஞாபகத்துக்கு வரும்.

டொமைன் பெயர் வாங்குவதற்கு விதி ஒன்றுதான்: முதலில் வந்தவருக்கே முன்னுரிமை. பணம் கட்டினால் பெயர் கைக்கு வந்துவிடும். அதே பெயரில் வேறு யாராவது கடை வைத்திருக்கிறார்களா, கம்பெனி நடத்துகிறார்களா என்று விற்பவர் கேட்பதில்லை. வெளியுலகில் இதனால் பெரிய தகராறு வராது. முருகன் டீ ஸ்டால் மதுரையிலும் இருக்கலாம், சேலத்திலும் இருக்கலாம். ஒரே பெயரை வேறு வேறு பொருட்களுக்கு வேறு வேறு ஆட்கள் வைத்துக்கொள்ள டிரேட்மார்க் சட்டமும் பெரும்பாலும் இடம் கொடுக்கிறது. ஆனால் டாட் காமில் ஒரு பெயர் உலகத்துக்கே ஒன்றுதான். சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்த ஓட்டையைச் சிலர் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். அமெரிக்காவில் ஒருவர் 1995 வாக்கில் பிரபல நிறுவனங்களின் பெயர்களாகப் பார்த்து நூற்றுக்கு மேல் பதிவு செய்து வைத்தார். அதில் ஒன்று பானாவிஷன் டாட் காம். சினிமா கேமராவுக்குப் பேர்போன பானாவிஷன் நிறுவனம் போய்க் கேட்டபோது 13,000 டாலர் விலை சொன்னார். அந்தத் தளத்தில் அவர் வைத்திருந்தது என்ன தெரியுமா? இல்லினாய் மாநிலத்தில் உள்ள பானா என்கிற சின்ன ஊரின் படங்கள்! 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்கு எதிராகத்தான் தீர்ப்பு சொன்னது. புறம்போக்கை வளைத்துப் போட்டுவிட்டு, பிறகு வருகிறவனிடம் விலை பேசுகிற இந்த வேலைக்குத்தான் சைபர் ஸ்க்வாட்டிங் என்று பெயர்.

இப்படிப்பட்ட வழக்குகள் பெருகியதால் 1999-ல் ஐகேன் அமைப்பு யுடிஆர்பி என்ற விதிமுறையைக் கொண்டுவந்தது. புகார் கொடுப்பவர் மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும். டொமைன் பெயர் தன் டிரேட்மார்க்கைப் போலவே இருக்கிறது. வைத்திருப்பவருக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமை இல்லை. கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து, அப்படியே பயன்படுத்தியும் வருகிறார். மூன்றும் சேர்ந்தால்தான் பெயர் கைமாறும் அல்லது ரத்தாகும். நஷ்டஈடு எதுவும் கிடையாது. டாட் இன் பெயர்களுக்கு இதே பாணியில் ஐஎன்டிஆர்பி என்ற விதிமுறை 2005-ல் வந்தது.

இதில் சிக்கலானது அந்தக் கெட்ட எண்ணம்தான். மனசுக்குள் இருப்பதை எப்படி நிரூபிப்பது? பல நேரங்களில் ஒரு கடிதம் போதும். கனடாவில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மைக் ரோ என்ற 17 வயதுப் பையன் 2003-ல் தன் பெயரோடு சாஃப்ட் என்று ஒட்டவைத்து ஒரு டாட் காம் பதிவு செய்தான். வேகமாகச் சொன்னால் மைக்ரோசாஃப்ட்! அந்த நிறுவனத்தின் வக்கீல்கள் பெயருக்கு 10 டாலர் தருவதாக எழுதினார்கள். அவன் 10,000 டாலர் கேட்டான். உடனே, காசு பறிக்கத்தான் பதிவு செய்திருக்கிறான் என்று அந்தப் பதிலையே அவனுக்கு எதிராகத் திருப்பினார்கள். விஷயம் பத்திரிகைகளில் வந்து ஊர் முழுக்கச் சிரித்த பிறகு 2004 ஜனவரியில் சமரசம் ஆனது. எக்ஸ்பாக்ஸ் முதலான பரிசுகளோடு அவன் பெயரை விட்டுக்கொடுத்தான்.

இந்தியாவில் நிலைமை கொஞ்சம் வேறு. டொமைன் பெயருக்கென்று இங்கே தனிச்சட்டம் இல்லை. தன் சரக்கை இன்னொருவர் சரக்கு போலக் காட்டித் தள்ளிவிடக் கூடாது என்கிற பாசிங் ஆஃப் கொள்கையை வைத்துத்தான் நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்கின்றன. 1999-ல் டெல்லி உயர்நீதிமன்றம் யாஹூ இந்தியா டாட் காம் என்ற பெயரைத் தடுத்தது இப்படித்தான். பெரிய தீர்ப்பு 2004 மே மாதம் உச்சநீதிமன்றத்தில் வந்தது. சென்னையின் சத்யம் இன்ஃபோவே நிறுவனம் 1999-லேயே சிஃபி என்று தொடங்கும் பெயர்களைப் பதிவு செய்திருந்தது. அதற்குப் பின்னால் வந்த இன்னொரு நிறுவனம் ஒரே ஓர் எழுத்தைக் கூட்டி, ஏறக்குறைய அதே உச்சரிப்பில் டொமைன் வாங்கியது. எங்கள் ஐந்து நிறுவனர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து வைத்த பெயர் என்று காரணம் சொன்னது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கர்நாடக உயர்நீதிமன்றம் விலக்கியிருந்த தடையை உச்சநீதிமன்றம் மறுபடி கொண்டுவந்தது. பாசிங் ஆஃப் வழக்கில் மோசடி எண்ணத்தை நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை. அரைகுறையாகப் பெயரை ஞாபகம் வைத்திருக்கும் சாதாரண ஆள் குழம்புவாரா என்பதே கேள்வி.

இதுவரை சொன்ன கதைகளில் பெரிய நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இருந்தது. உசி நிசானின் கதை அப்படிப்பட்டதல்ல. நிசான் என்பது அவருடைய குடும்பப் பெயர். ஜெருசலேமில் பிறந்து அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் குடியேறிய அவர், நிசான் கம்ப்யூட்டர் என்ற கடைக்காக 1994-ல் நிசான் டாட் காமைப் பதிவு செய்தார். கார் கம்பெனிக்கு அப்போது அந்த முகவரி மேல் கண் இல்லை போலிருக்கிறது. 1999 டிசம்பரில்தான் அது வழக்குப் போட்டது. அவர் தளத்தில் வந்த கார் விளம்பரங்கள் தவறு என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் பெயரைப் பிடுங்க முடியவில்லை. வழக்கு பல வருடம் இழுத்தது. 2020-ல் கொரோனாவில் இறக்கும்வரை அந்தப் பெயர் அவரிடம்தான் இருந்தது. ஆனால் அதற்காக வக்கீல் செலவு மட்டும் லட்சக்கணக்கான டாலர்.

ஆக, முதலில் வந்தவர் என்பதோ, பெரிய பெயர் எடுத்தவர் என்பதோ மட்டும் தீர்ப்பை முடிவு செய்வதில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். ஆனால் அதை நிரூபிக்கும்வரை தாக்குப்பிடிக்க எல்லோராலும் முடியுமா? சொந்தக்காரரிடமிருந்தே பெயரைப் பறிக்கப் பொய்ப் புகார் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. யுடிஆர்பி நடுவர்கள் அதைக் கண்டித்து எழுதலாம். அபராதம் போட வழியில்லை. வளைத்துப் போட்டவரைத் தண்டிக்க அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பெயருக்கு 1,00,000 டாலர் வரை இடம் இருக்கிறது. சின்ன ஆளை மிரட்டிப் பார்க்கிறவருக்கு யுடிஆர்பியில் கிடைப்பது ஒரு வரிக் கண்டனம்தான். அடுத்து சரிசெய்ய வேண்டியது இந்த இடத்தைத்தான்.