மொறிஸ் மைனரும் பெறாமகனும்

எமது வீட்டு முற்றத்திலே மாமரத்தின்கீழ் நிற்கும் மொறிஸ் மைனர் கார் 1961ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது. வயதில் எமக்கு மூத்தது. தந்தையார் காலமான பின்னர் அதனை ஓட்டும் பொறுப்பு எம்மைச் சேர்ந்தது. அதனைத் திருத்தும் பொறுப்போ, கொழும்பிலே பொறியியல் பயிலும் எமது பெறாமகனைத் தானாகவே போய்ச் சேர்ந்துகொண்டது.

சென்ற சித்திரை விடுமுறைக்கு வந்தவன், "சித்தப்பா, இதைக் கால் மைல் ஓட்டத்துக்குக் கொண்டுபோகப் போறன்" என்றான். கால் மைல் ஓட்டமென்பது, நேரான பாதையிலே இரண்டு கார்கள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு 402 மீற்றரை யார் முந்திக் கடப்பது என்று பார்க்கும் பந்தயம். அமெரிக்காவிலே கைவிடப்பட்ட விமான ஓடுபாதைகளில் இளைஞர் வளர்த்த விளையாட்டு. 1951இல் அதற்கென அங்கே ஒரு தேசிய சங்கமும் தோன்றிற்று. எமது காரோ கோயிலுக்கும் சந்தைக்கும் கல்லூரிக்கும் போய் வருவது. ஆயினும் பழைய எஞ்சின் ஓய்வுபெற்று டட்சன் 1200 எஞ்சின் அதில் ஏறியிருந்தமையால், பையனுக்கு ஆசை வந்ததிலே வியப்பில்லை.

எஞ்சினைத் தொடமாட்டேன், சஸ்பென்ஷனை மாத்திரம் மாற்றுகிறேன் என்று அவன் வாக்களித்தான். சில்லுகளுக்கும் காரின் உடலுக்கும் இடையே நின்று மேடு பள்ளங்களை விழுங்கும் வில்களும் சொக் அப்சோபர்களுமே சஸ்பென்ஷன் எனப்படுவன. வாங்க வேண்டியவற்றின் பட்டியலுடன் அவன் வந்தபோது, நாமும் ஆசிரியரல்லவா, சிவப்புப் பேனாவுடன் அமர்ந்தோம்.

பந்தயக் கார் புறப்படும் கணத்திலே பாரம் பின்னோக்கிச் சாய்கிறது. தள்ளுவன பின்சில்லுகள், அவற்றின்மேற் பாரம் ஏறினாற்றான் ரயர் நிலத்தைப் பற்றும். ஆதலால் முன்பக்கம் இலகுவாக எழும்பி, எழும்பியபடியே சிறிது நேரம் நிற்பது நன்று. அதற்காகவே அமெரிக்கர் 90க்கு 10 என்றொரு சொக் அப்சோபர் செய்தனர். அது எளிதில் நீளும், அமுங்க மறுக்கும். ஓடுபாதையில் அது வரப்பிரசாதம். எமது ஒழுங்கையிலோ, ஒரு பள்ளத்தில் இறங்கிய சில்லு அடுத்த மேட்டில் அமுங்க மறுத்தால், அடி முழுவதும் இருப்பவரின் முதுகுக்கே வந்து சேரும். அதனை வெட்டினோம். அடுத்த வரியிலே முன்பக்கத்தை இரண்டு அங்குலம் தாழ்த்துவது என்றிருந்தது. முகம் எழும்ப வேண்டும் என்பவன் முகத்தைத் தாழ்த்தவும் கேட்பதேன் என்றோம். "வடிவுக்கு" என்றான். அதுவும் போயிற்று.

ஒரு பொருளை மாத்திரம் எம்மால் வெட்ட இயலவில்லை. மைனரின் பின் அச்சு தகட்டு வில்களிலே தொங்குவது. வலிய எஞ்சின் திடீரென இழுக்கும்போது அவ்வில்கள் பாம்புபோல நெளிய, அச்சு துள்ளி ரயர் நிலத்தை விட்டுவிட்டுப் பற்றும். அச்சிலிருந்து காரின் உடலுக்கு இரண்டு இரும்புத் தண்டுகள் பூட்டினால் நெளிவு அடங்கும். பந்தயத்துக்கும் வீதிக்கும் ஒருசேர உதவுவது அது ஒன்றுதான்.

இவ்வாறு சமரசமாகிக் கராச்சுக்குச் சென்றோம். அங்குள்ள முதியவர் பட்டியலைப் பார்க்கவுமில்லை. முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, சில்லின்கீழ் ஓர் இரும்புக்கோலை வைத்து நெம்பினார். டக்கென்று ஓர் ஓசை. "மாஸ்ரர், கடைசியா எப்ப கிறீஸ் அடிச்சனீங்கள்?" என்றார். எமக்கு விடை வரவில்லை. இரண்டாண்டுக்கு மேலிருக்கும்.

மைனரை 1948இல் உலகுக்கு அளித்த இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர், முன்சில்லைத் தாங்கும் தண்டைக் கீழே மரையிட்ட ஒரு மூட்டிற் செருகியிருந்தார். சில்லு திரும்புந்தோறும் அம்மரை சுழல்கிறது. கிறீஸ் இல்லையேல் தேய்கிறது. முற்றத் தேய்ந்தால் தண்டு மூட்டைவிட்டுக் கழன்று, சில்லு மடிந்து படுத்துவிடும். முதியவர் கழற்றிக் காட்டிய மூட்டிலே மரை ஏறக்குறைய மழுங்கியிருந்தது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைதான் எமது தாயாரை அக்காரிலே நல்லூருக்கு ஏற்றிச் சென்று வந்திருந்தோம். சிவப்புப் பேனாவைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டோம்.

பணத்தின் பெரும்பகுதி மூட்டுகளுக்கும் றப்பர் புஷ்களுக்கும் போயிற்று. எஞ்சியது பின் வில்களின் விடயம். அவை வளைவிழந்து தட்டையாகிவிட்டன. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, பாட்டியாரையும் அயலவரின் குழந்தைகளையும் அரிசி மூட்டைகளையும் தையல் மெசினையும் ஏற்றிக்கொண்டு, நாவற்குழிப் பாலத்தைச் சனத்தோடு சனமாக நடைவேகத்திலே கடந்த கார் இது. அப்போது எமக்குப் பதினான்கு வயது. இடமின்றிப் பக்கத்திலே நடந்து வந்தோம். பின் மட்கார்ட் சில்லோடு உரசிய ஓசை இன்றும் காதிலுண்டு. அன்று படிந்த வில்கள் பின்னர் நிமிரவில்லை. அவற்றை மாற்ற எமக்கு மனம் ஒப்பவில்லை. தட்டையான வில் இன்னும் அதிகமாய் நெளியும், புதிய தண்டுகளையும் கெடுக்கும் என்று பெறாமகன் விளக்கினான். அவன் கூறியது சரியென்று அறிந்தும் வாளாவிருந்தோம்.

தீர்ப்பு விறாந்தையிலிருந்து வந்தது. "இரும்புதானே தம்பி, மாத்து. அந்தச் சீற்றிலை இருந்தால் எனக்கு நாரி நோகுது" என்றார் தாயார்.

மாற்றினோம். ஆவணியிலே பையன் தன் ஓட்டத்தை ஓடினான். பக்கத்தில் நின்ற ஜப்பான் கார் கண்காணாமற் போய்விட்டதாம். ஆயினும் அச்சு ஒருமுறையேனும் துள்ளவில்லை என்று தொலைபேசியில் ஆர்ப்பரித்தான். காரைத் திருப்பிக் கொணர்ந்தவன், எமது கையில் ஒரு கிறீஸ் துப்பாக்கியைத் தந்துவிட்டுப் போனான்.

அடுத்த வெள்ளிக்கிழமை தாயாருடன் நல்லூருக்குப் புறப்பட்டோம். ஒழுங்கை முகப்பிலுள்ள பெரும்பள்ளத்தைக் கடந்து சிறிது தூரம் சென்றிருப்போம். "தம்பி, அந்தக் கிடங்கை மூடிப்போட்டாங்களோ?" என்று பின்னாலிருந்து கேட்டார்.