தீவகத்துக்குக் காரில் போகிறீர்களா?

யாழ்ப்பாணத்துத் தீவகத்துக்குச் சொந்த வாகனத்தில் போக நாடியிருக்கும் வாசகர்களே! பண்ணைத் தாம்போதியில் ஏறியதுமே இரு பக்கமும் கடல் விரிந்துவிடும். அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று ஊர்கள் வரும். நேரே போனால் ஊர்காவற்றுறை. இடப்புறம் திரும்பினால் வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவு. அதன் முனையில் குறிகாட்டுவான் இறங்குதுறை. கார் அதற்கு மேல் போகாது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான். நயினாதீவு அரை மணிக்குள் வந்துவிடும். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். நீங்கள் தீவைச் சுற்றிப் பார்த்து, பள்ளிவாசலில் தொழுது, மாலையில் திரும்பும்வரை உங்கள் கார் கடலின் முகத்துக்கு நேரே நின்றுகொண்டிருக்கும்.

1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு என்று சிதறிய அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் பார்க்க வருகிறார்கள். பள்ளிக்கூட விடுமுறையை ஒட்டித்தானே வர முடியும்? ஒன்று ஆகஸ்ட், இல்லையேல் டிசம்பர். வயது முதிர்ந்த உம்மாவைப் பின் ஆசனத்தில் வைத்துக்கொண்டு, நிழலில்லாத தாம்போதி நடுவே வண்டி நின்றுபோனால் என்ன பாடு என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

ஆகஸ்டில் அடிப்பது சோளகக் காற்று. மழை இராது, ஆனால் கடல் திவலையையும் மணலையும் அள்ளி வரும். டிசம்பரில் வாடைக் காற்றும் மாரி மழையும். பலரும் மழைக் காலத்துக்கு மட்டும் அஞ்சுகிறார்கள். எனக்குக் கோடையே கூடுதல் ஆபத்தாகத் தெரிகிறது. மழை உப்பைக் கழுவிவிடும். கோடையிலோ அது படிந்தே கிடக்கும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் காய்ந்த உப்புத் தானாகவே கசியத் தொடங்கும். கடற்கரை இரவில் அந்த ஈரத்துக்குக் குறைவில்லை. பகலில் வெள்ளைப் பொடியாகத் தெரிந்தது இரவில் உப்பு நீராகி இரும்பைக் கறளாக்குகிறது. நெடுந்தீவில் பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள் நெடுங்காலமாக அப்படியே நிற்கின்றன. இந்த உப்புக்குக் கல் மேல் அவ்வளவு பகையில்லை போலும், இரும்பின் மேல்தான்!

இந்தக் காற்றிலும் ஒஸ்டின் ஏ 40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களை யாழ்ப்பாணத்தார் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் அரிதாயிற்று. சில துளி பெற்றோலைக் காபரேட்டரில் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அது தாங்கிற்று. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்துவிடும். ஆகவே ஒயிலை அடிக்கடி பார்ப்பதும் மாற்றுவதும் கட்டாயமாயிற்று. ‘அந்தக் காலத்து இரும்பு’ என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இந்தக் கவனத்தை மறந்துவிடுகிறார்கள்.

ஆகஸ்ட் பயணத்துக்கு முன் காற்று வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். பற்றரி முனைகளைத் துடைத்து வாஸ்லின் பூசுங்கள். டயர்க் காற்றை வண்டி ஓடுமுன், குளிர்ந்த நிலையில் அளவுங்கள். ரேடியேட்டரில் அதற்குரிய கூலன்ட் இருக்கட்டும். வழியில் ஏதேனும் கிணற்று உவர் நீரை ஊற்றினால் உள்ளே உப்பும் சுண்ணாம்பும் படியும். டிசம்பர் என்றால் வைப்பர் ரப்பரை முதலில் பாருங்கள். கோடை வெயிலில் அது வெடித்திருக்கும். கதவுகளின் அடியில் நீர் வடிவதற்கென்று சிறு துவாரங்கள் உண்டு. அவை அடைபட்டால் கதவு உள்ளிருந்தே உக்கும். தேங்கிய நீரில் இறங்கி ஏறிய பின், பிரேக்கை மெல்ல அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டி உலர விடுங்கள்.

திரும்பி வந்ததும் அடிப்பாகத்தை நல்ல நீரால் கழுவ வேண்டும். இதில்தான் ஒரு சிக்கல். தீவகத்தில் நல்ல நீர் எங்கே இருக்கிறது? மழை நீர் மணலிலும் சுண்ணக்கல்லிலும் இறங்கி, கனத்த உப்பு நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் அது ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நல்ல நீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடியை இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு ஏறி வரும். குழாய் விட்டுக் கழுவினால் ஒரு காருக்கு நூறு லீட்டருக்கு மேல் போய்விடும். அண்ணலார் (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது இரு கை கொள்ளும் அளவு நீரில் வுழூச் செய்தவர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை குடிக்கவிருக்கும் நீரை என் சைலன்சருக்கு ஊற்ற எனக்கு உரிமை உண்டா? கிணற்றுக்காரர் பெருந்தன்மையோடு ‘அள்ளுங்கோ’ என்று சொன்னாலும், அந்த நீர்வில்லை அவர் ஒருவருடையதன்று. சுற்றியுள்ள வீடுகள் அத்தனைக்கும் அதில் ஹக்கு உண்டு.

ஆகையால் தீவில் ஈரத் துணியால் கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டு, அன்று மாலையே யாழ்ப்பாணம் வந்து சேர்விஸ் நிலையத்தில் அடிப்பாகத்தைக் கழுவக் கொடுங்கள். மறுநாளைக்கென்று ஒத்திப்போட வேண்டாம்.

கழித்த ஒயிலை அடிப்பாகத்தில் விசிறினால் கறள் பிடிக்காது என்று சில கராஜ்களில் சொல்வார்கள். அது ரப்பர்ப் பாகங்களை ஊதச் செய்யும். சொட்டி மணலில் இறங்கினால் அதே கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். முறையான அடிப்பூச்சு அடிப்பதானாலும், இருக்கும் கறளைச் சுரண்டி உலர்த்திய பிறகே அடிக்கச் சொல்லுங்கள். கறளின் மேல் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுப்போகும்.

இன்னுமொன்று: வீடு திரும்பிக் கழுவிய காரைச் சில நாட்கள் ஓட்டாமல் வைப்பதானால் கைப்பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள், இறுகிப் பிடித்துக்கொள்ளும். சமதரையில் நிறுத்தி, கியரில் விட்டு, சில்லுக்கு ஒரு கல்லை அணைத்து வைத்தால் போதும்.