முதலில் பிள்ளைக்கு, பிறகு மிளகாய்

தோட்டத்துப் பெண்ணுக்குக் காலை நேரம் என்பது ஓட்டமும் நடையும்தான். நான்கரை மணிக்கு எழும்பித் தண்ணீர் பிடித்து, அடுப்பை மூட்டி, ரொட்டி தட்டி, பெரிய பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, சின்னதைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். இதற்கிடையில் கறி சமைக்க நேரமேது? அதனால்தான் கட்டசம்பல் நம் வீடுகளின் அன்றாடக் கறியாகி விட்டது. செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, இருந்தால் கொஞ்சம் மாசி. அம்மியில் பத்து நிமிடம் அரைத்துத் தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைந்தால் காலைக்கும் ஆயிற்று, பகல் சாப்பாட்டுக்கும் ஆயிற்று.

நானும் ஹட்டன் பக்கத்து லயமொன்றில் இந்தச் சம்பலைத் தின்று வளர்ந்தவள்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, இன்று நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்களில் தாய்மாரோடு சமூகப் பணி செய்கிறேன். என் வீட்டிலும் நான்கு வயதிலும் இரண்டு வயதிலும் இரு பிள்ளைகள் இருக்கிறார்கள். கட்டசம்பலைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அதை அரைக்கும் ஒழுங்கைச் சற்று மாற்றினால் பிள்ளைகளுக்கு என்ன நன்மை கிடைக்கும் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

வீடுகளுக்குப் போகும்போது எடை கூடாத பிள்ளைகளின் தாய்மாரிடம் நான் முதலில் கேட்பது, "காலையில பிள்ளை என்ன சாப்பிட்டது?" என்பதைத்தான். பல இடங்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "ரொட்டி தின்னுச்சு மிஸ். சம்பல் உறைக்குதுன்னு தொடல. சாயத்தண்ணியில முக்கிக் குடுத்தேன்."

சகோதரிகளே, இந்தப் பதிலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டில் மாசி இருந்தது, தேசிக்காய் இருந்தது. முதல் நாள் இரவு பருப்பும் காய்ச்சியிருப்பார்கள். ஆனால் சத்துள்ளது எல்லாவற்றிலும் மிளகாய் கலந்து விட்டது. பெரியவர்கள் அதைச் சாப்பிட்டார்கள். பிள்ளைக்கு எஞ்சியது வெறும் மாவும் சீனியும். வீட்டில் உணவு இருந்தும் அது பிள்ளையின் வாய்க்குப் போகவில்லை.

2016 ஆம் ஆண்டு நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் நூற்றுக்கு 32 பேர். இதற்கு வருமானம், வீடு, தண்ணீர், தாயின் உடல்நிலை என்று பல காரணங்கள் உண்டு. மிளகாயைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெரிய காரணங்கள் நம் கையில் இல்லாதபோது, நம் கையில் இருக்கும் சிறிய காரணத்தை ஏன் விட்டு வைக்க வேண்டும்?

உறைப்பு எப்படி வந்தது?

மிளகாய் நம் முன்னோரின் பழைய உணவல்ல. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியாகவே நம் பக்கம் வந்தது. அதற்கு முன் நம்மவர்கள் உறைப்புக்கு மிளகைத்தான் நம்பியிருந்தார்கள். கோப்பிக் காலத்திலும், பிறகு 1867 இல் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைக் காலத்திலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் பாட்டன் பாட்டிமார் மிளகாயையும் அம்மியையும் கூடவே கொண்டு வந்தார்கள்.

குளிரில் வேலை செய்யும் உடம்புக்கு உறைப்பு இதமாக இருக்கும் என்பார்கள். அது மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. கறி குறைந்த வீட்டில் ஒரு சிட்டிகைச் சம்பலைத் தொட்டு மூன்று ரொட்டி உள்ளே போகும். சம்பல் எவ்வளவு உறைக்கிறதோ அவ்வளவு குறைவாகச் செலவாகும். ஆகவே நம் நாக்கின் பழக்கத்துக்குள்ளே நம் வறுமையின் கணக்கும் இருக்கிறது. பெரியவர்களுக்கு அந்தக் கணக்கு சரி வந்தது. பிள்ளைகளுக்குத்தான் சரி வரவில்லை.

"சின்னதிலேயே பழக்கினாத்தானே பெரிசானதும் திங்கும்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். உறைப்பு நாவில் படும்போது வேலை செய்வது இனிப்பையோ புளிப்பையோ அறியும் உணர்வல்ல; சூடு சுட்டதைச் சொல்லும் நரம்புகள்தான். இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு 2021 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆகவே "சுடுது" என்று பிள்ளை அழுதால் அது அடம் அல்ல. உண்மையிலேயே அதற்குச் சுடுகிறது.

மிளகாயின் உறைப்பு தண்ணீரில் கரையாது; எண்ணெயிலும் கொழுப்பிலும்தான் கரையும். எனவே உறைத்து அழும் பிள்ளைக்குத் தண்ணீரை விடப் பால், தயிர் அல்லது ஒரு வாய் தேங்காய்ப் பூ நல்லது. மிளகாய் அரைத்த கையைத் தண்ணீரில் மட்டும் கழுவிவிட்டுப் பிள்ளைக்கு ஊட்டினாலும், முகம் துடைத்தாலும், அந்தக் கை சுடும். கையில் துளி எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

ஒரே அம்மி, இரண்டு சம்பல்

என் வீட்டில் நான் செய்யும் முறை இதுதான். நாலைந்து பேருக்குக் காணும்.

தேவையானவை: தலை நீக்கிய நெத்தலிக் கருவாடு ஒரு கைப்பிடி, துருவிய தேங்காய்ப் பூ ஒரு கோப்பை, சின்ன வெங்காயம் 8, கரட் 1, தேசிக்காய் பாதி, செத்தல் மிளகாய் 6, எண்ணெய் ஒரு தேக்கரண்டி, உப்பு.

நெத்தலியைச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊற விட்டு, இரண்டு தரம் அலசினால் உப்புக் குறையும். ஈரம் போகத் துடைத்து, ரொட்டிச் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்து, முள் தட்டுப்படாதபடி நன்றாகப் பொடியாக்குங்கள். இதை ஞாயிற்றுக்கிழமை செய்து போத்தலில் மூடி வைத்தால் காலையில் வேலை மிச்சம்.

நான்கு வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, துருவிய கரட்டுடன் எண்ணெயில் இரண்டு நிமிடம் வதக்குங்கள். தேங்காய்ப் பூவை அம்மியில் ஓர் இழுப்பு இழுத்து, வதக்கியதையும் நெத்தலிப் பொடியையும் சேர்த்துத் தேசிக்காய் பிழியுங்கள். இப்போதே பிள்ளைகளின் பங்கை வேறு கிண்ணத்தில் எடுத்து விடுங்கள். பிறகுதான் அதே அம்மியில் மிளகாயையும் மீதி வெங்காயத்தையும் உப்பையும் அரைத்துப் பெரியவர்களின் பங்கில் கலக்க வேண்டும். முதலில் பிள்ளைக்கு, பிறகு மிளகாய். இந்த ஒழுங்கு மாறினால் அம்மியை இரண்டு தடவை கழுவ வேண்டி வரும்.

நான்கு வயதுப் பிள்ளை தானும் பெரியவர்களைப் போல் சாப்பிட வேண்டுமென்று கேட்டால், ஒரு மிளகாயைக் கீறி உள்ளே இருக்கும் வெள்ளைத் தசையையும் விதையையும் நீக்கி, அதில் கொஞ்சம் அரைத்துச் சேர்க்கலாம். உறைப்பு அதிகம் இருப்பது அந்த வெள்ளைத் தசையில்தான். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு உப்பும் வேண்டாம், ரொட்டியும் கடினம். குழைந்த சோற்றிலும் மசித்த பருப்பிலும் நெத்தலிப் பொடியைச் சிறிதளவில் தொடங்கிக் கலந்து கொடுங்கள்.

தேங்காய் விலை கூடிய நாட்களில் கெட்டியாக அவித்த பருப்பை அதற்குப் பதிலாக வைக்கலாம். முட்டை, சோயா, கீரை எதைச் செய்தாலும் இதே விதிதான்: பிள்ளையின் பங்கை எடுத்த பிறகே மிளகாய்த் தூள். கூடவே சாயத்தண்ணியைச் சாப்பாட்டோடு கொடுக்காதீர்கள். உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலைச் சாயம் தடுக்கும். தேசிக்காய்ப் புளியோ அந்தச் சத்து சேர உதவும்.

நேரம் எங்கே?

ஒரு தாய்மார் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு சகோதரி எழுந்து, "மிஸ், ஒரு சம்பல் அரைக்கவே நமக்கு நேரமில்ல, ரெண்டு யாரு அரைக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லுமுன் பின்னால் இருந்த ஒரு பாட்டி, "ஏன் புள்ள, ஒம் புருசனுக்குத் தேங்கா திருவத் தெரியாதா?" என்றார். கூட்டமே சிரித்தது. எனக்கு அதுவே நல்ல பதிலாகப் பட்டது.

உறைப்பான சம்பல் வேண்டுமென்று கேட்கும் வாய்க்கு உரியவர், மிளகாயைத் தானே அரைக்கலாமே! என் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. பிள்ளைகளின் பங்கு என் வேலை, மிளகாய் என் கணவரின் வேலை. எனக்கு இப்போது பத்து நிமிடம் மிச்சம். அந்தப் பத்து நிமிடத்தில் உட்கார்ந்து சின்னவனுக்கு ஊட்டுகிறேன்.

ஒரு மாதம் செய்து பாருங்கள். அடுத்த முறை பிள்ளையை நிறுக்கக் கொண்டு போகும்போது, பதிவுப் புத்தகத்தில் அவர்கள் வைக்கும் புள்ளி எங்கே விழுகிறது என்று நீங்களே பாருங்கள். கோடு மேலே ஏறவில்லையென்றால் தயங்காமல் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். ஏறியிருந்தால் பக்கத்துக் காம்பரா அக்காவுக்கும் இந்த முறையைச் சொல்லிக் கொடுங்கள்.