எந்த வாசலுக்கு இந்த நாய்?

போன வாரம் அண்ணன் மகன் வந்தான். "சித்தப்பா, ராஜபாளையம் குட்டி ஒண்ணு வாங்கப் போறேன்" என்றான். ஏண்டா என்றேன். "நம்ம தெருவுக்குள்ள எவனும் நெனச்ச நேரத்துக்கு ஏறி வரக் கூடாது."

சிரித்துத் தள்ள முடியவில்லை. மதுரைப் பக்கம் சில ஊர்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்றே கட்டு இருந்தது. நாயிலும் சாதி பார்த்த நாட்டில், நல்ல நாய் வளர்ப்பதும் உரிமைதான்.

திண்ணையிலிருந்து அம்மா குறுக்கிட்டாள். 78 வயது. சின்ன வயசில் பண்ணைக் களத்தில் சிதறின நெல் பொறுக்கியவள். "மிராசு வீட்டு நாயி வெள்ள வேட்டியக் கண்டா வாலாட்டும். கோவணத்தக் கண்டா கொதறும். அதுக்கு யாருடா சொல்லிக் குடுத்தா?" அவள் கெண்டைக்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

அவனிடம் சொன்னேன். ராஜபாளையம் லேசுப்பட்ட நாயல்ல. இரண்டடிக்கு மேல் உயரம், வெள்ளை உடம்பு, சிவந்த மூக்கு. காட்டுப்பன்றியை மடக்கிய சாதி. 2005இல் தபால்தலையே போட்டார்கள். ஒருத்தனோடு ஒட்டிக்கொள்ளும். அந்நியர் தொட்டால் பொறுக்காது. தினம் ஓட இடம் வேண்டும். சில குட்டிகள் பிறவிச் செவிடு. கூப்பிட்டு நிறுத்த முடியாது.

நம்ம வீட்டுக்கு மதில் கிடையாது. விடிகாலை நீ வேலைக்குப் போனால் சங்கிலியில்தான் கிடக்கும். கட்டியே போட்ட நாய் மூர்க்கமாகும். நம்ம வாசலில் மீன்காரம்மா வருவாள், ஃபக்கீர் வருவார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்காமலே உள்ளே ஓடிவரும். நாகூர்க் கந்தூரி 14 நாளும் தெருவில் வெளியூர்க் கூட்டம். அது முதலில் யாரைக் கடிக்கும்? ஏறி வருகிறவனையா, கூழுக்கு வந்த பிள்ளையையா?

"அப்ப எவன் வேணா வரட்டுமா?" என்றான்.

1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். துப்பாக்கியோடு வந்த கூட்டத்தை எந்த நாய் மறித்திருக்கும்? சாணிப்பாலையும் சவுக்கடியையும் நிறுத்தியது சங்கம். பத்துத் தெரு ஆளும் சேர்ந்து நின்றதால் நின்றது.

மதில் எழுப்பு, பழக்க ஆள் இருக்கட்டும், அப்புறம் வாங்கு, நானும் காசு தருகிறேன் என்றேன். பதில் சொல்லவில்லை. மறுநாள் தெருவில் திரியும் கருப்பியைக் கயிற்றில் கட்டி, வெறிநாய்த் தடுப்பூசி போட மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அம்மா பின்னாலேயே கத்தினாள்: "மொதல்ல அதுக்குச் சோறு வச்சிட்டுப் போடா!"