தோது பார்த்தல்

‘தோது’ என்னும் சொல் நாமக்கல், திருச்செங்கோடு, இராசிபுரம் பக்கங்களில் நாள்தோறும் புழங்குவது. பெண் பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்து ‘தோதுப்படலைங்க’ என்பார்கள். லாரிக்குக் கூடு கட்டும் பட்டறையில் சட்டத்தின் துளையும் மரையாணியும் ஒத்து வராதபோதும் அதே சொல்தான் வரும். அளவு, இயல்பு, இடம், வசதி ஆகிய நான்கும் ஒருங்கே அமைவதற்குப் பெயர் தோது. கணினியின் உறுப்புகளைப் பற்றி எழுதப் புகும் நமக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு கிட்டவில்லை. ஒரு பழைய கணினியிலிருந்து சில ஆயிரம் சொற்களை வெளியே எடுப்பதற்காக நாம் தோது பார்த்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

நம் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்று மறைந்த மூத்த பேராசிரியர் ஒருவர், 1990களின் முற்பகுதியில் இவ்வட்டாரத்துச் சொற்களைத் தொகுத்துவந்தார். கவலை இறைத்த உழவர், தறி நெய்தவர், மாடு தரகு பேசியவர் எனப் பலரிடமும் கேட்டுக் குறித்தவை அவை. குறிப்பேடுகளில் பெரும்பகுதியைச் செல் அரித்துவிட்டது. ஆனால் ஒரு நல்கைத் திட்டத்தின்கீழ் வாங்கிய கணினியில் அவர் அவற்றை உள்ளிட்டிருந்தார் என்பது துறையில் பலருக்கும் தெரியும். வீட்டை இடித்துக் கட்டும் வேளையில் அவருடைய துணைவியார் அக்கணினியை நம்மிடம் ஒப்படைத்தார். “அவரு போனதுக்கப்பறம் இதை யாரும் தொடலைங்க. எடைக்குப் போட மனசு வரலை” என்றார்.

பெட்டியைத் திறந்ததும் மதர்போர்டின் செருகுவாய் ஒன்றில் நீளமான அட்டை ஒன்று கண்ணில் பட்டது. அது ‘ஜிஸ்ட்’ அட்டை. இளைய வாசகர்களுக்கு இப்பெயர் புதிதாக இருக்கலாம். கணினி ஆங்கிலம் மட்டுமே அறிந்திருந்த காலத்தில் இந்திய எழுத்துகளைத் திரையில் காட்டுவதற்கென்றே உருவான கூடுதல் அட்டை இது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1980களில் நடந்த ஆய்வில் இதன் வேர் உள்ளது. 1988இல் புனேயில் தொடங்கப்பெற்ற சி-டாக் நிறுவனம் இதை வளர்த்துப் பரப்பியது. டாஸ் இயங்குதளத்தில் ஓடிய வேர்டுஸ்டார், டிபேஸ் போன்ற ஆங்கில மென்பொருள்களிலேயே தமிழையும் இந்தியையும் வங்காளத்தையும் உள்ளிட இவ்வட்டை வழிசெய்தது. இன்று கைப்பேசியில் விரல் தொட்டால் வரும் தமிழ், அன்று தனியே ஓர் அட்டையாக விலைகொடுத்து வாங்கிச் செருகவேண்டிய பொருளாக இருந்தது.

கணினிக்கு உயிர் வரவில்லை. அக்காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் நேரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைத்திருக்க ஒரு சிறிய நிக்கல்-காட்மியம் மின்கலத்தைப் பற்றவைத்திருப்பார்கள். நாள்பட்டால் அது கசியும். கசிவு செம்புத் தடங்களை அரித்துப் பச்சை பூத்துவிடும். இங்கும் அதுவே நடந்திருந்தது. அட்டையோ பழுதின்றிப் பளிச்சென்று இருந்தது. அதனை வேறொரு கணினியில் செருகிப் பார்க்கலாமே என்று தோன்றுவது இயல்பு. அங்கேதான் முதல் தோதின்மை.

அந்த அட்டை ஐ.எஸ்.ஏ. என்னும் வகைச் செருகுவாய்க்கு உரியது. 1981இல் ஐ.பி.எம். கணினியோடு பிறந்து 1984இல் 16 பிட்டாக விரிந்த அமைப்பு அது. 1992இல் இன்டெல் நிறுவனம் பி.சி.ஐ. என்னும் புதிய அமைப்பை வெளியிட்டது. 1990களின் இறுதியிலிருந்து ஐ.எஸ்.ஏ. செருகுவாய்கள் மறையத் தொடங்கின. 2004 முதல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பரவ, பி.சி.ஐ.யும் மெல்ல ஒதுங்கியது. இன்று கடையில் வாங்கும் கணினியில் பெரும்பாலும் எக்ஸ்பிரஸ் மட்டுமே இருக்கும்.

பி.சி.ஐ. அட்டையை எக்ஸ்பிரஸ் செருகுவாயில் பொருத்த இடையீட்டு அடாப்டர்கள் எளிதில் கிடைக்கின்றன. ஐ.எஸ்.ஏ.வுக்கு அது எளிதன்று. காரணம் வடிவத்தில் மட்டும் இல்லை. பி.சி.ஐ. அட்டை, கணினி கேட்டவுடன் தன் பெயரையும் தயாரிப்பாளர் எண்ணையும் தானே சொல்லும். தனக்கு வேண்டிய முகவரியையும் கேட்டுப் பெறும். எக்ஸ்பிரஸ் இந்த நடைமுறையை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஆகவே இடையில் ஒரு பாலச் சில்லு இருந்தால் மென்பொருளுக்கு வேற்றுமை தெரிவதில்லை. பழைய ஐ.எஸ்.ஏ. அட்டையோ தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தெரியாதது. அதன் முகவரியையும் குறுக்கீட்டு எண்ணையும் நாமே சின்னஞ்சிறு ஜம்பர்களை மாற்றி அமைக்கவேண்டும். அது எதிர்பார்க்கும் மின்கம்பிகள் சில இன்றைய மதர்போர்டில் இல்லவே இல்லை.

ஆகவே கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். சொற்கள் எங்கே இருக்கின்றன, அட்டையிலா வன்தட்டிலா? அட்டை எழுத்தைக் காட்டும் கண்ணாடி மட்டுமே. எழுத்து வன்தட்டில் ‘இஸ்கி’ என்னும் குறியீட்டில் எண்களாகப் பதிந்திருக்கிறது. இஸ்கி என்பது 1991இல் இந்தியத் தர நிறுவனம் ஐ.எஸ். 13194 என்ற எண்ணில் வெளியிட்ட தரம். பொருள் விளங்கும் பொதுக் குறியீடு. ஆக, அட்டையை மறந்துவிட்டு வன்தட்டைப் படித்தால் போதும்.

வன்தட்டு 120 மெகாபைட் கொள்ளளவு உடையது. 40 ஊசிகள் கொண்ட ஐ.டி.ஈ. இணைப்பு. பேருந்து நிலையத்தின் அருகே கணினி பழுதுபார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர், யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். இணைத்ததும் தட்டு சுழலும் ஒலி கேட்டது. திரையில் ஒன்றுமில்லை. “ஐயா, தட்டு நல்லாச் சுத்துதுங்க. ஆனா மிஷின் இதைக் கண்டுக்கவே மாட்டேங்குதுங்க” என்றார். சுழல்கிறது என்றால் மின்சாரம் சரி, மோட்டார் சரி. அப்படியாயின் தடை மொழியில் இருக்கவேண்டும்.

இருந்ததும் அங்கேதான். இன்றைய அடாப்டர்கள் வன்தட்டில் ஓரிடத்தைக் குறிக்க ஒரே தொடர் எண்ணைச் சொல்லும். பழைய தட்டுகளோ உருளை, தலை, பகுதி என மூன்று எண்களால் இடத்தைச் சொன்னால்தான் புரிந்துகொள்ளும். வீட்டு எண் மட்டும் எழுதிய கடிதத்தை, தெருவும் சந்தும் சொன்னால்தான் கொடுப்பேன் என்று தபால்காரர் திருப்பி அனுப்புவதைப் போன்றது இது. தொடர் எண் முறை தொடக்கத்தில் கட்டாயமாக இல்லாததால், மிகப் பழைய தட்டுகள் பல அதை அறியா. யு.எஸ்.பி. அடாப்டர்களில் பெரும்பாலானவை பழைய முறையை அறியா. இரண்டும் நல்ல நிலையிலேயே இருந்தன. ஆயினும் பேச்சு நடக்கவில்லை.

பழைய முறையையும் அறிந்த இடைத்தரகர் தேவை. லினக்ஸ் இயங்குதளம் அதை இன்றும் அறிந்துவைத்திருக்கிறது. ஆனால் அது வன்தட்டோடு நேரடியாகப் பேச ஓர் ஐ.டி.ஈ. கட்டுப்பாட்டு அட்டை வேண்டும். மாணவரின் கடைப் பரணில் சிலிக்கான் இமேஜ் 680 சில்லு கொண்ட பி.சி.ஐ. அட்டை ஒன்று கிடந்தது. துறைக் கணினியில் எக்ஸ்பிரஸ் செருகுவாய் மட்டுமே. ஆகவே எக்ஸ்பிரஸிலிருந்து பி.சி.ஐ.க்கு மாற்றும் அடாப்டர் ஒன்றை வரவழைத்தோம்.

இத்தகைய வேலையில் எல்லாவற்றையும் ஒருசேர மாட்டிவிட்டுத் தேடுவது பயன் தராது. முதலில் அடாப்டரை மட்டும் செருகி, இணைந்துள்ள உறுப்புகளைப் பட்டியலிடும் கட்டளையை இட்டோம். பாலச் சில்லு பட்டியலில் வந்தது. ஆகவே அடாப்டர் உயிரோடு இருக்கிறது. அடுத்து அதில் பி.சி.ஐ. அட்டையைச் செருகினோம். பட்டியலில் அது வரவில்லை. அட்டையின் விளிம்பைப் பார்த்தோம். பி.சி.ஐ. அட்டைகளில் 3.3 வோல்ட்டுக்கு ஒரு வெட்டும் 5 வோல்ட்டுக்கு ஒரு வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். இரண்டும் உள்ள அட்டை இருவகைச் செருகுவாய்க்கும் பொதுவானது. இதில் இரண்டும் இருந்தன. வடிவம் தோதுதான்.

எஞ்சியது மின்சாரம். பழைய பி.சி.ஐ. செருகுவாய் 5 வோல்ட் தரும். எக்ஸ்பிரஸ் செருகுவாயோ 12 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் மட்டுமே தரும். 5 வோல்ட்டை வெளியிலிருந்து ஊட்டுவதற்காகத்தான் அடாப்டரின் ஓரத்தில் நான்கு ஊசிச் செருகி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதனோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மின்வழங்கியிலிருந்து அதற்கொரு கம்பியை இழுத்ததும் பட்டியலில் இரண்டு பெயர்களும் வந்தன. அடாப்டரின்மேல் ஏறி நின்றதால் அட்டை உயரமாகிவிட்டது. பின்புறத் தகடு பெட்டியில் பொருந்தவில்லை. தகட்டைக் கழற்றி, பெட்டியைத் திறந்தபடியே வைத்துக்கொண்டோம். புதிய விண்டோஸுக்கு ஏற்ற இயக்கி நமக்குக் கிட்டவில்லை. லினக்ஸில் இயக்கி முன்னரே இருந்தது. ஜம்பரை முதன்மைத் தட்டுக்குரிய இடத்தில் வைத்து, பட்டைக் கம்பியின் சிவப்பு ஓரத்தை முதல் ஊசிக்கு நேராக்கி இணைத்ததும், வன்தட்டு தன் கொள்ளளவைச் சொல்லியது.

நெடுங்காலம் உறங்கிய தட்டு எப்போது நிற்கும் என்று சொல்ல இயலாது. ஆகவே கோப்புகளைத் திறந்து பார்க்கும் ஆவலை அடக்கிக்கொண்டு, எதையும் எழுதாமல் முழுத்தட்டையும் முதலில் படியெடுத்தோம். சில பகுதிகள் படிக்க வரவில்லை. மற்றவை வந்தன. அதற்குப் பிறகு அனைத்து வேலையும் படியின்மீதே நடந்தது.

சொற்கள் டிபேஸ் கோப்பில் இருந்தன: சொல், பொருள், கேட்ட ஊர் என மூன்று கட்டங்கள். ஒருங்குறிக்கு மாற்றியதும் முதற்பக்கம் முழுதும் தேவநாகரியில் வந்து நின்றது. ‘பொடக்காலி’யும் ‘ஒடக்கா’னும் நாகரி உடுத்தி நின்ற காட்சியைக் கண்டு நாம் சிறிது திகைத்தோம். இஸ்கியின் அமைப்பே இதற்குக் காரணம். அதில் இந்திய மொழிகள் அனைத்திலும் க என்னும் ஒலிக்கு ஒரே எண், 179. எந்த எழுத்தில் காட்டுவது என்பது தனிக் குறிப்பு. குறிப்பு இல்லையேல் நாகரி. ழகரமும் றகரமும் னகரமும் புள்ளியிட்ட நாகரி எழுத்துகளாக அங்கே காத்துக்கொண்டிருந்தன, ஒன்றும் தொலையவில்லை. ஒருங்குறியும் இஸ்கியின் வரிசையைப் பின்பற்றியே இந்திய எழுத்துகளை அடுக்கியது. ஆகவே ஒவ்வோர் எழுத்தின் எண்ணோடும் 640ஐக் கூட்டினால் நாகரி தமிழாகிவிடுகிறது. கூட்டினோம். சொற்கள் தம் உருவில் வந்தன.

இழப்பும் உண்டு. டிபேஸ் கட்டத்திற்கு அளவு வரையறுத்தது. நீண்ட விளக்கங்கள் அந்த எல்லையில் அறுபட்டிருக்கின்றன. ‘கொ’ என்பதை இஸ்கி க என்றும் அதன் உயிர்க்குறி என்றும் இரண்டாகப் பதியும். எல்லை நடுவில் விழுந்த இடங்களில் குறி போய் வெறும் ககரம் நிற்கிறது. கவலை இறைக்கும் சால், தும்பி, வடம், வால்கயிறு ஆகியவற்றை அவர் விரிவாக விளக்கத் தொடங்கியிருக்கிறார். வால்கயிற்றின் விளக்கம் பாதியில் நிற்கிறது. மிச்சத்தைச் சொல்லவேண்டிய குறிப்பேடு செல்லுக்கு இரையாகிவிட்டது. மின்மோட்டார் வந்தபின் கவலை இறைத்தவர்கள் அருகி, இப்போது கேட்டால் சொல்லக்கூடியவர் எண்பதைக் கடந்தோர் சிலரே.

கரிசல் சொற்களுக்கு 1982இல் கி. ராஜநாராயணன் அகராதி தந்தார். 2000இல் பெருமாள்முருகனின் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ வந்தது. அச்சேறிய நூலுக்கு அடாப்டர் தேவையில்லை. கண்ணும் வெளிச்சமும் போதும். அதற்காகக் கணினியைக் குறைசொல்வதும் நேர்மையாகாது. செல் தின்ற குறிப்பேட்டைவிட இந்த 120 மெகாபைட் தட்டுதான் மிகுதியாகக் காத்துவைத்திருந்தது. அதைக் காத்தது தட்டின் வலிமை மட்டுமன்று. எழுத்தின் குறியீடு பொதுத்தரமாக வெளியிடப்பட்டிருந்தது. தனியார் எழுத்துரு ஒன்றின் மறைகுறியீட்டில் அவர் தட்டச்சு செய்திருந்தால், தட்டைப் படித்த பின்னரும் நாம் வெகுகாலம் திணறியிருப்போம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் குறியீடுகளைப் பரிந்துரைக்க நேர்ந்ததும், 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றதும் இந்தத் திணறலுக்குத் தீர்வு காணத்தான்.

நண்பர்கள் வீட்டுப் பரணிலும் துறை அலமாரியிலும் இத்தகைய பெட்டிகள் கிடக்கலாம். எடைக்குப் போடுமுன் வன்தட்டைக் கழற்றி வையுங்கள். ஓடவில்லை என்று யாரேனும் சொன்னால், மின்சாரமா, வடிவமா, மொழியா என ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேளுங்கள். அடுத்த விடுமுறையில் மாணவர்கள் இருவரோடு மோகனூர்ப் பக்கம் போவதாக இருக்கிறோம். வால்கயிறு பற்றி அங்கே முதியவர்களிடம் கேட்கவேண்டும். அறுபட்ட விளக்கங்களை ஒரு தாளில் தனியே எழுதி எடுத்துவைத்திருக்கிறோம்.