மண் கேட்கும் உடல்

அன்பர்கள் பலரும் படித்திருக்கக்கூடிய பாடல் புறநானூற்றின் 20ஆம் பாடல். சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் நாட்டு மண்ணைக் கருவுற்ற பெண்கள் விரும்பி உண்பரேயன்றிப் பகைவர் கொள்ளவியலாது என்கிறார் குறுங்கோழியூர் கிழார். வகுப்பறைகளில் மன்னனின் வலிமையோடு விளக்கம் முடிந்துவிடும். நமக்கோ அப்பெண்களை விட்டுவர மனம் வருவதில்லை.

மண், சாம்பல், சிலேட்டுக்குச்சி என எழும் இவ்வேட்கை இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்தே வருவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டிருக்கின்றனர். (எது காரணம், எது விளைவு என்பதில் இன்னும் வழக்குண்டு.) மண் தின்று அக்குறை தீர்வதில்லை. கருவிலுள்ள குழந்தையோ தனக்கான இரும்பின் பெரும்பகுதியைக் கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து பெறுகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. பிறந்தபின் ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு அச்சேமிப்பே துணை. தாயின் குருதிச்சோகை முற்றினால் குழந்தை குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களில் 52.2 விழுக்காட்டினருக்குக் குருதிச்சோகை இருந்தது.

முதுகலை வகுப்பில் இப்பாடலை நடத்திய அன்று, ஆறு மாதக் கருவோடு வந்துகொண்டிருந்த மாணவி ஒருவர் தாமும் சிலேட்டுக்குச்சி தின்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். மசக்கைதான், போகப்போகச் சரியாகிவிடும் என்றனராம் வீட்டில். இரும்புச்சத்து மாத்திரையைக் குமட்டுகிறதென்று நிறுத்தியிருந்தார். அதற்கு முன்பும் தேநீரோடுதான் விழுங்கியிருக்கிறார். தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது. நாளை வகுப்பு வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் குருதியைச் சோதித்து வாருங்கள் என்றோம்.

மறுவாரம் சீட்டைக் காட்டினார். ஹீமோகுளோபின் 11 கிராமாவது இருந்திருக்க வேண்டும். 8.1 இருந்தது. பேறுகாலத்துக்கு இன்னும் மூன்று மாதம் மிச்சமிருந்தது.