எந்த முகத்துக்கு அளவெடுத்தது?

கொல்கத்தாவில் எங்கள் ஆஸ்பத்திரியின் நர்ஸ்கள் அறைக்குள் எட்டிப் பார்த்தால் பாதி இந்தியாவைப் பார்த்துவிடலாம். இம்பால், அகர்தலா, ராஞ்சி, கட்டாக், கோட்டயம். நடுவில் நாகர்கோவில்காரியாக நான். நீள முகம், வட்ட முகம், எடுப்பான மூக்கு, அமுங்கிய மூக்கு. 2020 ஏப்ரலில் இத்தனை முகங்களுக்குமாக வந்து இறங்கியது ஒரே அளவு என்95 முகக்கவசம். ஸ்டோரில் விசாரித்தால், நைட்டி விற்பவரைப் போல "ஃப்ரீ சைஸ்" என்றார்கள்.

இம்பால் பெண்தான் முதலில் சொன்னாள்: "தீதி, மூச்சு விட்டால் கண்ணுக்குள் காற்று அடிக்கிறது." அவளுடைய மூக்குக்கண்ணாடி ஓயாமல் பனி மூடியது. வெளியே விடும் மூச்சு மூக்கோரமாகத் தப்புகிறது என்றால், உள்ளே இழுக்கும் மூச்சும் அதே சந்து வழியாக, வடிகட்டப்படாமல் நுழையும் என்று அர்த்தம்.

என்95 என்ற பெயரில் உள்ள 95, துணியின் திறமையைச் சொல்கிறது. 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்க வேண்டும். அமெரிக்காவில் இதைச் சோதிக்கும்போது கவசத்தின் ஓரங்களை மெழுகோ பசையோ வைத்து முழுக்க அடைத்துவிடுகிறார்கள். எங்கள் கன்னத்தில் மெழுகு பூச யாரும் வரவில்லை.

கவசம் எந்த முகத்துக்காக என்ற கேள்விக்கு விடை கொஞ்சம் விசித்திரமானது. 1970களில் அமெரிக்காவில் இதற்கான மாதிரி முக அளவுகளை வகுத்தபோது ஆதாரமாக வைத்துக்கொண்டது 1960களின் இறுதியில் விமானப் படையினரிடம் எடுத்த அளவுகளை. பிறகு 2003இல் சுமார் 4,000 தொழிலாளர்களை அளந்து அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். சீனர்கள் 2006இல் தங்கள் நாட்டிலேயே 3,000 பேரை அளந்தார்கள். அமெரிக்க முகத்தைவிடச் சீன முகம் நீளம் குறைந்தது, அகலம் கூடியது என்று தெரியவந்தது. இம்பாலுக்கும் நாகர்கோவிலுக்கும் இடையிலேயே அந்த வித்தியாசம் இருக்கிறது என்பதற்கு எங்கள் வார்டே சாட்சி.

பொருந்துகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. தலைக்கு மேல் ஒரு கூடாரத்தைக் கவிழ்த்து, உள்ளே சாக்கரின் கரைசலைப் பனியாகத் தெளிப்பது. கவசம் போட்டபடி மூச்சை இழுத்துவிட்டு, தலையைத் திருப்பி, குனிந்து, பேச வேண்டும். நாக்கில் இனித்தால் தோல்வி. அமெரிக்காவில் இது வருடாவருடம் கட்டாயம். எங்கள் ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் தானாக முன்வந்து, நெபுலைசரும் பாலிதீன் உறையுமாக ஒரு மதியம் இதைச் செய்து பார்த்தார். எனக்குக் கடைசிவரை இனிக்கவில்லை. இம்பால் பெண்ணுக்குத் தலையைத் திருப்பிய மறுகணமே இனித்துவிட்டது. தாடி வைத்த சர்தார்ஜி டாக்டருக்கு அதுகூடத் தேவைப்படவில்லை, உடனே இனித்தது. (பிரிட்டனில் சீக்கிய மருத்துவர்கள் தாடியை ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்டி, அதன் மேல் கவசம் போடும் முறையை அதே 2020இல் கண்டுபிடித்தார்கள். தாட்டா என்று பெயர்.)

வேறொரு கம்பெனியின் மடிப்பு வகைக் கவசம் அவளுக்கு கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் இருந்தது இரண்டு பெட்டிகள். அதை வாங்கித் தரும்படி எழுதிக் கொடுத்தோம். ரேட் கான்ட்ராக்ட் வேறு கம்பெனியிடம் என்று பதில் வந்தது. பெட்டிகள் தீர்ந்ததும் அவள் கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போனாள். எட்டு மணி நேரம் கழித்து அதை உரித்தால் தோலும் சேர்ந்து வரும்.

மே மாதம் கொல்கத்தாவின் தனியார் ஆஸ்பத்திரிகளிலிருந்து 185 மணிப்பூர் நர்ஸ்கள் ஒரே சமயத்தில் ஊர் திரும்பியது நாடெங்கும் செய்தியானது. வீட்டுக்காரர்களின் தொல்லை, முகத்தைப் பார்த்துத் தெருவில் விழுந்த ஏச்சு, சம்பளம், பாதுகாப்பு உபகரணம் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. எங்கள் பெண்ணும் அந்த மாதமே கிளம்பிவிட்டாள். பெட்டியைக் கட்டும்போது பிளாஸ்டர் பட்ட இடம் இன்னும் கறுத்திருந்தது.

கொரோனா வார்டு மூடியாயிற்று. டிபி நோயாளிகள் வருவது நிற்கவில்லை. உலகின் டிபி நோயாளிகளில் சுமார் கால் பங்கு நம் நாட்டில்தான். புதிதாகச் சேரும் பெண்களிடம் கவசத்தைப் போட்டு, இரு கைகளாலும் பொத்தி, பலமாக ஊதச் சொல்கிறேன். ஓரத்தில் காற்று தெரிந்தால் அவளை அந்த அறைக்கு அனுப்புவதில்லை. டியூட்டி சார்ட் போடுவது நான் என்பதால் அந்த அளவுக்கு முடிகிறது. இந்த வருடம் இன்டென்ட்டில் இரண்டு அளவுகள் கேட்டிருந்தேன். ஒன்றுதான் வந்திருக்கிறது.